இடப்பெயர்வும் அகமாற்றமும்: நாஞ்சில் நாடனின் இரு நாவல்கள்

தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் முதலிய பகுதிகளில் வேர்கொண்ட மும்பைத் தமிழர் வாழ்வை எழுதியோருள் நாஞ்சில் நாடன் குறிப்பிடத்தக்கவர். அவருடைய ‘மிதவை’ (1986), ‘எட்டுத் திக்கும் மதயானை’ (1998) ஆகியன பெரும்பாலும் இடப்பெயர்வு நாவல்களாகவே வாசிக்கப்படுகின்றன. ஊர் மாறினால் உள்ளமும் மாறுமா என்னும் வினா அவற்றின் அடியில் கிடப்பதை இவ்வாசிப்பு தவறவிடுகிறது.

‘மிதவை’யின் சண்முகம் பட்டதாரி. படிப்பு வேலையையும் மதிப்பையும் தரும் என்னும் நம்பிக்கையில் வளர்ந்தவன். ஊரும் சென்னையும் அந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்க, மும்பை பிழைப்புத் தருகிறது. ஆயினும் அவன் காலூன்றுவதில்லை. பழைய நம்பிக்கை உடைந்த இடத்தில் புதியதொன்று முளைக்கவில்லை என்பதை நாவலின் தலைப்பே சுட்டுகிறது.

மற்றைய நாவலின் பூலிங்கம் சாதிச் சினத்தால் அடிபட்டு ஊரைவிட்டு ஓடியவன். சட்டத்திற்குப் புறம்பான தொழிலுக்குள் தள்ளப்படுகிறான். எனினும் தன்னைக் கீழ்மகனாக அவன் உள்ளம் ஏற்பதில்லை. சண்முகத்திடம் தொழில் நேரியது, அகம் மிதக்கிறது. பூலிங்கத்திடம் தொழில் பிழைபட்டது, அகம் ஊன்றி நிற்கிறது. ஆகவே, ஒருவன் தன்னைப் பற்றிக் கொண்ட நம்பிக்கையே நிலைத்த மாற்றத்தின் வித்து எனலாம். ஆனால் அவ்வித்து விழும் நிலமும் கருதத்தக்கது: பூலிங்கம் மாறலாம், அவனை விரட்டிய சாதியமைப்பு அவனொருவன் மாறுவதால் மாறிவிடாது. தனிமனித மாற்றத்தின் எல்லை இதுவே.