பயங்கர ஆட்சியின் வழக்குரைஞரும் படைப்பாளர் பார்வையும்

பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியைப் பொருளாகக் கொண்ட படைப்புகளில் கொலைக்களம் உண்டு. கொதித்தெழும் கூட்டம் உண்டு. ஆயினும், அக்களத்துக்கு நாள்தோறும் ஆள் அனுப்பிய அரசு வழக்குரைஞர் ஃபூக்கியே தென்வில் அவற்றில் எத்தகைய இடம் பெற்றார் என்பது ஆராயத்தக்கது.

1859-இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யில் அரசு வழக்குரைஞர் பெயரின்றி வந்து போகிறார். கொடுமையின் பெரும்பங்கு மதாம் டெஃபார்ஜின் வஞ்சத்தின்மேல் ஏற்றப்படுகிறது. 1912-இல் அனத்தோல் பிரான்சு எழுதிய 'தெய்வங்களுக்குத் தாகம்' என்னும் புதினமோ, ஜூரியாக அமர்ந்த ஓவியன் ஒருவனின் கொள்கை வெறியைக் காட்டுகிறது. வஞ்சமும் வெறியும் கதைக்குச் சுவையூட்டுவன. வரலாறு காட்டும் வழக்குரைஞரிடம் அவற்றினும் மேலோங்கி நிற்பது பதவிக்குப் பணிதலே.

1792-இல் வேலை வேண்டித் தம் தூரத்து உறவினர் காமில் தேமூலினுக்குக் கடிதம் எழுதியவர் அவர். 1793 மார்ச்சில் புரட்சி நீதிமன்றத்தின் வழக்குரைஞரானார். 1794 ஏப்ரலில் அதே தேமூலின்மீது குற்றஞ்சாட்டிக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் வந்த சட்டம் எதிரிகளுக்கு வழக்கறிஞர் வைக்கும் உரிமையைப் பறித்தது; விடுதலை அல்லது மரணம் என இரண்டே தீர்ப்புகளை விட்டுவைத்தது. அச்சட்டத்தையும் அவர் நடத்தினார். ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்தபோது, அவரை அடையாளங்கண்டு அனுப்பும் கடமையையும் தயங்காது செய்தார்.

இம்மனிதரை நெருங்கிக் கண்டவர் பியூக்னர் ஒருவரே எனலாம். இருபத்தொரு வயதில், 1835-இல், அவர் எழுதிய 'தாந்தோனின் மரணம்' நாடகத்தில் வழக்குரைஞரும் நீதிமன்றத் தலைவரும் ஜூரிகளைச் சீட்டுக் குலுக்காமல் தாமே தேர்ந்தெடுக்கின்றனர். அக்காட்சியில் சினம் இல்லை. அலுவலகப் பேச்சே உள்ளது. அதுவே அச்சுறுத்துகிறது.

1795-இல் ஃபூக்கியே விசாரிக்கப்பட்டபோது, சாட்சிகள் பலர் வாரக்கணக்கில் கேட்கப்பட்டனர். பிறருக்கு அவர் மறுத்த வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மேலோர் ஆணையையும் சட்டத்தையுமே நிறைவேற்றியதாக அவர் வாதிட்டார். மன்றம் அதனை ஏற்கவில்லை. மே 7-ஆம் நாள் அவர் தலை வீழ்ந்தது.

தீமையை வஞ்சகர்பால் மட்டுமே காட்டும் இலக்கியம், வஞ்சமற்ற வாசகனுக்கு எளிதில் மன்னிப்பு வழங்கிவிடுகிறது. கோபமின்றிக் கோப்பைப் புரட்டும் கையையும் காட்டுவதே படைப்பாளன் கடன்.