மாக்கல் சட்டி

சேலத்துக் கல்சட்டியைத் தூக்கினால் முதலில் மணிக்கட்டுக்குத் தெரிவது கனம். தடவினால் சோப்பு போன்ற வழவழப்பு. மாக்கல் அவ்வளவு மிருது. முகத்துக்குப் பூசும் பவுடரும் இந்தக் கல்லில் இருக்கும் கனிமம்தான். உளி பட்டால் கருங்கல்போலக் கணீரென்று ஒலிக்காது. சரக் சரக்கென்று சுரண்டும் சத்தம்தான் வரும். அடி தடித்தும் விளிம்பு மெலிந்தும் வரக் குடைவது கைப்பழக்கம். கொஞ்சம் அழுத்திவிட்டால் பக்கம் பெயர்ந்துவிடும்.

வாங்கியதும் சமைத்துவிட முடியாது. நாலைந்து நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைக்க வேண்டும்; பிறகு மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசி ஊறவிட்டு, சிறு தீயில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். குக்கர் விசிலுக்குப் பழகிய நமக்கு இது பெரிய சோதனை! சாம்பல் நிறச் சட்டி எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து மினுங்கும்போதுதான் வீட்டுச் சட்டி ஆகிறது.

அதில் புளிச்சக்கீரையை வேகவைத்து, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து மத்தால் கடைய வேண்டும். கல்லில் மரம் உரசும் அந்தக் கொரகொரப்பைக் கேட்டே கீரை மசிந்ததா என்று சொல்லிவிடும் பாட்டிகள் உண்டு. வத்தக்குழம்பு என்றால் முக்கால் பதத்திலேயே கேஸை அணைத்துவிடலாம். இறக்கி வைத்த பின்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். மீதிச் சமையலைக் கல் பார்த்துக்கொள்ளும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.