மழைக் கணக்கு என்னும் பொத்தான்: பிளாஷ் புரொஜெக்டர், ஒரு பரிசோதனை

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டின் மானாவாரி விவசாயத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் பொருட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் பிளாஷ் மென்பொருளில் நான் தொகுத்த குறுந்தகட்டை, பென்டிரைவில் படியெடுத்து, அண்மையில் ஒரு பள்ளியின் கணினி அறையில் மறுபடியும் ஓட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணும், ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு மூடிக்கொள்வதும், கம்பும் உளுந்தும் பருத்தியும் தலைகாட்டுவதும், 1901 முதல் இவ்வூரில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் சரித்திரமும் குறைவின்றித் திரையில் தோன்றின. ஆனால் ‘மழைக் கணக்கு’ என்ற பொத்தானை அழுத்தியதும் திறக்கவேண்டிய எக்ஸெல் அட்டவணை மட்டும் திறக்கவில்லை. பிழைச்செய்தி ஏதும் வரவுமில்லை. ஆண்டுதோறும் பெய்த மழையைப் பிள்ளைகளே அதில் பதிந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் அட்டவணையைப் படமாக உள்ளே பதிக்காமல் தனிக் கோப்பாக வைத்திருந்தேன். ஆகையால் அந்தப் பொத்தான் இயங்காவிடில் தகட்டின் நோக்கமே பாதி நிறைவேறாது.

பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிவுற்று, 2021 ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கம் பிரவுசரில் ஓடாதபடி தடுக்கப்பட்டது யாவரும் அறிந்ததே. எனினும், படைப்பையும் அதை ஓட்டும் பிளேயரையும் ஒரே கோப்பில் பொதிந்து வைத்திருக்கும் ‘புரொஜெக்டர்’, பிரவுசரின் தயவை நாடாமல் விண்டோஸில் இன்றும் ஓடுகிறது என்பதே இச்சாதனத்தின் பிரதான விசேஷம்.

இதிலிருந்து வேறொரு நிரலை எழுப்புவதற்கு ‘எஃப்எஸ்கமாண்ட்’ என்ற கட்டளையும், அதற்குள் ‘எக்ஸெக்’ என்ற உட்கட்டளையும் உண்டு. நான் தகட்டைச் செய்த ஐந்தாம் பதிப்பில், கணினியின் எந்த மூலையில் இருக்கும் நிரலையும் பாதையைக் குறிப்பிட்டு அழைத்துவிடலாம். முன்பின் அறியாதவர் அனுப்பும் புரொஜெக்டர் நம் யந்திரத்தில் எதை வேண்டுமானாலும் ஓட்டிவிடக்கூடிய அபாயம் அந்தச் சுதந்திரத்தில் இருந்தமையால், 2002-இல் வந்த எம்எக்ஸ் பதிப்பு முதல் சில நிபந்தனைகள் ஏற்பட்டன. புரொஜெக்டரின் பக்கத்திலேயே ‘எஃப்எஸ்கமாண்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கவேண்டும். அழைக்கப்படும் நிரல் அதனுள்ளேயே இருக்கவேண்டும். அதன் பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு இவையன்றி வேறெதுவும் வரலாகாது. பழைய கட்டளையைத் திருத்தாமலே எட்டாம் பதிப்பில் நான் மறுவெளியீடு செய்திருந்ததுதான் பொத்தானின் மௌனத்துக்குக் காரணம்.

முதலில் அட்டவணையையே அந்த ஃபோல்டரில் இட்டேன். பயனில்லை, ஏனெனில் எக்ஸெக் எழுப்புவது ஓடும் நிரலைத்தானே தவிர ஆவணத்தை அன்று. பிறகு, அட்டவணையை ‘ஸ்டார்ட்’ கட்டளையால் திறக்கும் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, உடனிருந்த மாணவி விரும்பியபடி ‘மழை’ என்று தமிழிலேயே பெயரிட்டோம், மீண்டும் மௌனம். பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றியதும் கறுப்புச் சன்னல் ஒன்று வெறுமையாகத் திறந்து நின்றது. அந்த ஸ்டார்ட் கட்டளை, மேற்கோள் குறிக்குள் முதலில் வருவதைச் சன்னலின் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே கோப்பின் பெயருக்கு முன்னால் வெறும் மேற்கோள் குறிகள் இரண்டை இட்டேன். என் வீட்டில் ‘டி’ டிரைவாக இருந்த பென்டிரைவு பள்ளியில் ‘ஈ’ டிரைவாக இருந்தபடியால், டிரைவ் எழுத்தை நீக்கிவிட்டு, பேட்ச் ஃபைல் தான் குடியிருக்கும் ஃபோல்டரைத் தானே சுட்டும் குறியீட்டை அமைத்தேன். “தொறந்துட்டு சார்!” என்று அந்தப் பெண் கைதட்டினாள்.

குறைகள் இல்லாமலில்லை. அட்டவணை திறக்குமுன் கறுப்புச் சன்னல் ஒரு கணம் மின்னி மறைவது கண்ணை உறுத்துகிறது. சில யந்திரங்களில், முழுத்திரையில் ஓடும் புரொஜெக்டருக்குப் பின்னால் அட்டவணை ஒளிந்துகொள்வதால், முழுத்திரையை நீக்கும் கட்டளையை முன்னதாகவே தரவேண்டியிருக்கிறது. ஆனால், அந்தப் பள்ளியில் எக்ஸெல் இல்லாமல் லிப்ரே ஆபிஸ் மட்டுமே இருந்தபோதும் அட்டவணை தடையின்றித் திறந்தது, எந்த நிரலைக் கொண்டு திறப்பது என்ற தீர்மானத்தை ஸ்டார்ட் கட்டளை விண்டோஸிடமே ஒப்படைத்துவிடுவதன் நற்பலனாகும்.

பிளாஷின் இனத்தைச் சேர்ந்த ஆத்தர்வேர் என்னும் மென்பொருளில், தான் விலகி வேறு நிரலுக்கு வழிவிட ‘ஜம்ப்அவுட்’ என்றும், தான் இருந்துகொண்டே அதை அழைக்க ‘ஜம்ப்அவுட்ரிட்டர்ன்’ என்றும் இரு கட்டளைகள் தெளிவாக இருந்தன. அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு மென்பொருளான டைரக்டரின் ‘ஓப்பன்’ கட்டளையோ எந்த ஆவணத்தை எந்த நிரலால் திறப்பது என்பதையும் சொல்ல இடம் தந்தது. ஆத்தர்வேரின் வளர்ச்சி 2007-இலும், டைரக்டரின் விற்பனை 2017 பிப்ரவரியிலும் நின்றுபோயின.

புதிதாக ஒன்றைத் தொடங்குவோர் பிளாஷை நாடவேண்டுவதில்லை. பழைய தகடுகளைப் பெட்டியில் வைத்திருக்கும் ஆசிரியர்களோ, அவை கெட்டுவிட்டன என்று எறியுமுன், மேற்சொன்ன ஃபோல்டர், பெயர், பாதை ஆகிய மூன்றையும் ஒருமுறை சரிபார்க்கும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். நான் விடைபெறும்போது அந்த மாணவி, அவள் தகப்பனார் காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்திருந்த இவ்வாண்டு மழையை அட்டவணையின் கடைசி வரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.