மாப்பசானின் கடற்பயண நாட்குறிப்பு: ஒரு திறனாய்வு

மாப்பசானைச் சிறுகதை ஆசிரியராகவே தமிழ் மாணவர் பலரும் அறிவர். அவர் படகு செலுத்துவதில் பெருவிருப்பம் கொண்டவர் என்பதும், அவ்விருப்பத்தின் விளைவாகப் பயண நூல் ஒன்றைப் படைத்தவர் என்பதும் பரவலாக அறியப்படாத செய்திகள். 1888ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'சூர் லோ'. 'நீரின்மேல்' என்பது அதன் பொருள். இதே தலைப்பில் அவர் எழுதிய சிறுகதை ஒன்றும் உண்டு. 1881இல் வந்த தொகுதியில் இடம்பெற்ற அக்கதை வேறு. ஈண்டு ஆராயப்படும் நூல் வேறு.

1885இல் வெளிவந்த 'பெல் அமி' என்னும் நாவல் மாப்பசானுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அந்நாவலின் பெயரையே தம் பாய்மரப் படகுக்கும் அவர் சூட்டினார். அப்படகில், மாலுமிகள் இருவர் துணையுடன், பிரான்சு நாட்டின் தென்கரையை ஒட்டிச் சென்ற பயணமே நூலின் பொருள். ஏப்ரல் 6ஆம் நாள், உறங்கிக் கொண்டிருக்கும் ஆசிரியரின் சன்னலில் மாலுமி மணலை வீசி எழுப்புவதோடு நூல் தொடங்குகிறது. கான், அகே, சான் ரஃபாயேல், சான் திரோப்பே எனத் துறைதோறும் தங்கிச் செல்லும் பயணம், ஏப்ரல் 14ஆம் நாட்குறிப்போடு முடிவடைகிறது.

இந்நூலில் கதையும் இல்லை, வியத்தகு நிகழ்ச்சியும் இல்லை என்று முன்னுரையில் ஆசிரியரே கூறிவிடுகிறார். கண்டதையும் எண்ணியதையும் நாள்தோறும் எழுதி வைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. இந்நூலின் பல பகுதிகள் அவர் முன்னரே செய்தித்தாள்களுக்கு எழுதியவை என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். போரின் கொடுமையைச் சாடும் புகழ்பெற்ற பகுதி, 1883இல் 'ஜில் பிளாஸ்' என்னும் நாளிதழில் வந்த கட்டுரையிலிருந்து எடுத்தாளப்பட்டது. உயர்குடியைத் துறந்து எளிய வீரன் ஒருவனோடு வாழச் சென்ற பெண்ணின் கதை, 1884இல் வந்த 'இன்பம்' என்னும் சிறுகதையில் மன நிறைவுடன் முடிகிறது. இந்நூலிலோ அத்தகைய கதையே துயர முடிவு பெறுகிறது. அங்ஙனமாயின், நாள்தோறும் எழுதியது என்னும் கூற்றை நம்பலாமா? அதனை நம்ப இயலாதபோது, நூலின் எஞ்சிய பகுதிகளை எங்ஙனம் நம்புவது?

இவ்வினாவுக்கு விடை நூலின் உள்ளேயே இருக்கிறது. படகு ஓடும்போது மாப்பசான் காண்கிறார். நங்கூரமிட்டு நிற்கும்போதே பெரிதும் சிந்திக்கிறார். நெடிய வாதங்கள் மிகுதியும் துறைகளில் இடம்பெறுகின்றன. கடற்பகுதிகளிலோ வாதம் குறைந்து புலன்கள் விழித்துக் கொள்கின்றன. மாலுமிக்குக் காற்று வெறும் இயற்கைப் பொருளன்று. நட்பும் பகையும் வஞ்சமும் உடைய ஓர் ஆள். அதன் முகம் பார்த்தே அவன் நாளைத் தொடங்குகிறான். இவ்வுண்மையை உணர்த்தும் பக்கங்களைக் கடலறியாத ஒருவர் எழுதியிருக்க முடியாது. நாள் பொய்யாயினும் காற்று பொய்யன்று.

கான் நகரைப் பற்றிய பகுதி இதற்கு மாறானது. இளவரசர்களைத் தேடித் திரியும் செல்வர் கூட்டத்தை அவர் எள்ளி நகையாடுகிறார். அதே நகரில் காசநோயால் இளமையிலேயே மடிவோரை எண்ணி இரங்குகிறார். அங்கதம் கூர்மையானதே. ஆயினும், அவர் நகையாடும் செல்வர் இல்லங்களில் அவரும் விருந்தினராக இருந்தவர் என்பது மறக்கத்தக்கதன்று. வெறுத்தபோது பாய் விரித்து அகன்றுவிடத் தமக்கெனப் படகு உடையவரின் சினம் அது. அகல வழியில்லாதவரின் சினம் வேறாக இருந்திருக்கும்.

நூலின் சிறந்த பக்கம் சான் திரோப்பே துறைமுகத்தைப் பற்றியது. தாரும் உப்பும் மீனும் கலந்த மணம். தெருக்கற்களின் மேல் முத்தெனப் பளிச்சிடும் மத்தி மீன் செதில்கள். துறைச் சுவரோரம் கல்லிருக்கைகளில் வெயில் காயும் முதிய மாலுமிகள். கோலூன்றி வரும் பழைய கப்பல் தலைவருக்கு ஒருவர்பின் ஒருவராக அவர்கள் கூறும் வணக்கம். ஈண்டு ஆசிரியர் தம்மை மறக்கிறார், ஊர் தெரிகிறது. உல்லாசப் படகுகளுக்குப் பெயர்பெற்ற இன்றைய சான் திரோப்பேயை அறிந்தோர்க்கு, இப்பக்கம் மறைந்துபோன மீனவர் ஊரொன்றின் சான்றாகவும் விளங்குகிறது.

அத்துறையில் நிற்கும் சுஃப்ரான் என்னும் கடற்படைத் தலைவரின் வெண்கலச் சிலையையும் அவர் குறிப்பிடுகிறார். தமிழ் வாசகர் அச்சிலையை அவ்வளவு எளிதில் கடந்துபோக இயலாது. 1782ஆம் ஆண்டில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகியவற்றின் கடற்பரப்பிலும், 1783இல் கடலூருக்கு அப்பாலும் ஆங்கிலேயக் கப்பற்படையோடு பொருதவர் இவரே. பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றில் வெற்றியின் அடையாளமாக நிற்பவர், சோழமண்டலக் கரையில் பீரங்கி முழக்கமாக வந்தவர். போரைச் சாடிய எழுத்தாளர், போர்த்தலைவர் ஒருவரின் சிலையடியில் அந்த எண்ணத்தைத் தொடராமல் விட்டது நூலின் குறைகளுள் ஒன்று எனலாம். மற்றொரு குறையும் உண்டு. கல்லிருக்கையில் அமர்ந்த முதியோர் உலகக் கடல்களையெல்லாம் கண்டவர்கள் என்று ஆசிரியர் வியக்கிறார். ஆனால், அவர்களுள் ஒருவருடைய கதையையேனும் கேட்டு எழுதினாரில்லை.

இக்குறையின் வேரை மாப்பசானே அறிந்திருந்தார். எழுத்தாளன் இன்பத்திலும் துன்பத்திலும் முழுமையாக ஆழ இயலாது. உணரும்போதே தன்னையும் பிறரையும் வேவு பார்க்கும் இரண்டாம் பார்வை அவனுக்கு உண்டு. அதுவே அவன் வலிமை, அதுவே அவன் துயர் என்று இந்நூலிலேயே அவர் மனம் திறக்கிறார். நோயுற்று மனநிலை குலைந்து, 1893இல், நாற்பத்து மூன்றாம் வயதுகூட நிரம்பாமல் அவர் மறைந்ததை அறிந்து படிப்போர்க்கு அவ்வரிகள் கனமுடையவை.

பயணக் கட்டுரை எழுதும் மாணவர் 'சென்றோம், கண்டோம், மகிழ்ந்தோம்' என்று முடித்துவிடுவதுண்டு. அவர்க்கு இந்நூல் இரண்டு பாடங்களைத் தருகிறது. ஊரின் மணத்தையும் அங்குள்ளோர் அமரும் இருக்கையையும் காட்டினால் ஊர் உயிர்பெறும் என்பது ஒன்று. இது மாப்பசான் செய்து காட்டியது. அவ்விருக்கையில் தாமும் சற்றே அமர்ந்து, அடுத்திருப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. இது அவர் செய்யாது விட்டது.