கென்ச்சூர் மணம் மாறாத பிள்ளை

உலகம் தெரியாத இளசை நாம் ‘பால்மணம் மாறாத பிள்ளை’ என்போம். அதே பிள்ளையை இந்தோனேசியாவில் ‘மாசீ பாவு கென்ச்சூர்’ என்பார்கள். இன்னும் கென்ச்சூர் மணக்கிறது என்று பொருள். நமக்குத் தாய்ப்பால் எப்படியோ, அவர்களுக்கு அப்படி ஒரு கிழங்கு. குழந்தைக்குச் சளி பிடித்தாலும் உடம்பு வலித்தாலும் கென்ச்சூரை அரிசியோடு சேர்த்து அரைத்துக் கைகாலில் பூசுவது ஜாவா வீடுகளின் வழக்கம். பசி எடுக்காத பிள்ளைக்கு அதையே கரைத்துக் குடிக்கவும் கொடுப்பார்கள். பூசியும் குடித்தும் வளர்ந்த உடம்பில் அந்த மணம் ஊறத்தானே செய்யும்? மருந்துச் செடிகள் எத்தனையோ உண்டு. ஒரு மொழியில் பிள்ளைப் பருவத்துக்கே மணமாக நிற்கும் பேறு கென்ச்சூருக்கு வாய்த்திருக்கிறது.

நாம் இதைக் கச்சோலம் என்கிறோம். நாட்டுமருந்துக் கடையில் வில்லை வில்லையாக, ஓரம் செம்பழுப்பும் நடு வெள்ளையுமாகக் காய்ந்து கிடக்கும். அந்த வில்லையை மட்டும் பார்த்தவர்கள் செடியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இஞ்சி, மஞ்சளின் குடும்பம்தான். ஆனால் அவை தண்டு விட்டு நிமிர்ந்து நிற்கும்; இது நிமிராது. இரண்டோ மூன்றோ அகன்ற இலைகளைத் தரையோடு தரையாக, சாப்பாட்டுக்கு இலை போட்டதுபோல் விரித்துவிட்டு இருக்கும். அந்த இலைகளின் நடுவிலிருந்து காலையில் பூ எட்டிப் பார்க்கும். தூய வெள்ளை. நடு இதழில் மட்டும் ஊதா மையைத் தொட்டு வைத்ததுபோல் இரண்டு பொட்டு. உச்சி வெயில் ஏறுவதற்குள் துவண்டு போகும். மறுநாள் இன்னொன்று. மழைக்காலம் முடிந்ததும் இலை மஞ்சளித்துப் படுத்து, செடி இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். கிழங்கு தோண்டும் காலம் அது.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் கெம்ப்பெரியா கலங்கா என்று பெயர் வைத்தார். முதல் பாதி கெம்ப்பர் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் ஜப்பானுக்குப் போகும் வழியில் இன்றைய ஜகார்த்தாவில் தங்கியவர். பின்பாதி அரத்தைக்கு உரிய பெயர். இரண்டும் இரவல். ஜாவாக்காரர் வாயில் வரும் கென்ச்சூர்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதைச் சொல்லும்போதே கிழங்கை நறுக்கென்று நறுக்கும் ஓசை கேட்கிறது.

நறுக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். மூக்கில் முதலில் ஏறுவது கற்பூரத்தின் சாயல். அதன் பின்னாலேயே மழை நனைத்த மண்ணின் வாடை. கிழங்கின் எண்ணெயில் மிகுந்திருப்பது எத்தில் பாரா-மீத்தாக்சி சின்னமேட் என்ற பொருள். பிரித்தெடுத்துக் குளிரவிட்டால் வெள்ளைப் படிகமாகத் திரண்டு நிற்கும். நாவில் வைத்தால் இஞ்சிபோல் சுள்ளென்று சுடுவதில்லை. மெல்லத் தொடங்கி, தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் கதகதக்கும். கதகதப்புக்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் ஓடும். காமலான் இசைக்குழுவில் பாடும் சிந்தேன் பெண்கள் தொண்டை கட்டினால் இதில் ஒரு துண்டை உப்போடு மெல்வதுண்டு.

ஆனாலும் கென்ச்சூரின் நயம் முழுதாகத் தெரிவது ‘பெரஸ் கென்ச்சூர்’ என்ற பானத்தில். பெரஸ் என்றால் அரிசி. வயலில் நிற்கும்போது பாடி, குத்தியபின் பெரஸ், வெந்தபின் நாசி. நெல், அரிசி, சோறு என்று மூன்று பெயர் சொல்லி வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் உடனே புரியும். அரிசியை ஊறவைத்தோ, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்தோ எடுப்பார்கள். அதைக் கென்ச்சூரோடு சேர்த்து உரலில் இடித்து, புளியும் பனைவெல்லமும் கொதித்து ஆறிய நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். ஒரு சிட்டிகை உப்பு. சிலர் கொஞ்சம் இஞ்சியும் சேர்ப்பார்கள். இடித்த கிழங்கைக் கொதிக்க விடாததால்தான் மணம் அப்படியே தங்குகிறது. அதனாலேயே பானம் அன்றன்றைக்கு உரியது, மறுநாளைக்குத் தாங்காது.

அதைக் கொண்டுவருபவர் ஜாமு கெண்டோங் பெண். ஜாமு என்பது மூலிகை மருந்து; கெண்டோங் என்றால் முதுகில் சுமப்பது. குழந்தையை முதுகில் கட்டித் தூக்குவதற்கும் அதே சொல்தான், கட்டும் நீளத் துணியும் அதேதான். விடியுமுன் எழுந்து இடித்து வடித்து, போத்தல்களை மூங்கில் கூடையில் நிறுத்தி, துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு, டம்ளர் கழுவும் தண்ணீர் வாளியைக் கையில் பிடித்தபடி சந்து சந்தாக நடப்பார். மத்திய ஜாவாவின் சுகோஹர்ஜோ, வோனோகிரி பக்கத்துப் பெண்கள் ஜகார்த்தா வரைக்கும் இந்தக் கூடையோடு போயிருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்கள் ‘யூ’ என்று கூப்பிடுவார்கள். ஜாவா மொழியில் அக்கா. இந்த ஜாமு மரபை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இப்போது பலர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். சுமை குறைந்தது நல்லதுதான்.

அவர் ஊற்றுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். போத்தலின் அடியில் அரிசிமா வெண்மையாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்த பழுப்பு நீர். மூடியை அழுத்திப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தடவை குலுக்குவார். வெள்ளை மேகம்போல் கிளம்பிப் பழுப்போடு கலந்து பால் காப்பியின் நிறத்துக்கு வரும். அந்தக் கணத்திலேயே டம்ளரில் ஊற்றிவிடுவார். நின்றால் மறுபடி படிந்துவிடும். குடித்தால் முதலில் வெல்லம், பின்னாலேயே புளி, நாவில் நெருடும் மாவு, எல்லாம் இறங்கிய பிறகு தொண்டையில் கென்ச்சூர்.

அந்தக் கூடையிலேயே ‘பாஹிதான்’ என்ற கசப்பு மருந்தும் உண்டு. அதில் சேரும் சம்பிலோத்தோ வேறொன்றுமில்லை, நம் நிலவேம்புதான். கசப்பைக் குடித்து முகம் சுளிப்பவருக்கு, கேட்காமலே ஒரு வாய் இனிப்பு ஜாமு ஊற்றிக் கொடுப்பார். பெரும்பாலும் அது பெரஸ் கென்ச்சூராகவே இருக்கும். மருந்துக்கு மருந்தாகவும், இன்னொரு மருந்தின் கசப்பை ஆற்றும் இனிப்பாகவும் ஒரே கிழங்கு நிற்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

ஜாவா பக்கம் போகிறவர்கள் ஹோட்டலில் போத்தலில் அடைத்துக் குளிரவைத்ததை வாங்காதீர்கள். காலையில் சந்துக்கு வந்து நில்லுங்கள். கூடை வந்ததும் ‘யூ, பெரஸ் கென்ச்சூர்’ என்று கேட்டு, அவர் குலுக்கி ஊற்றியதை நின்ற இடத்திலேயே குடியுங்கள்.