வால்வு சூடாகட்டும்

வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்த கையோடு வாசித்துவிட முடியாது. கண்ணாடிக் குப்பிக்குள் இழை மெல்லச் செம்மஞ்சளாகக் கனியவேண்டும். தூசி சூடாகும் வாசனை எழும், அடியில் லேசாக ஒரு ரீங்காரம். பிறகு கிட்டார் கம்பியை வருடினால் ஒலி சாதுவாக வரும். ஓங்கி இழுத்தால் விளிம்பில் கரகரக்கும். கானா பாடகரின் தொண்டை உச்சத்தில் உடையுமே, அந்தச் சுகம். 2018இல் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கிட்டாரும் கானாவும் அவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு இரண்டுக்கும் பொதுவான இந்தக் கரகரப்பும் ஒரு காரணம் என்பேன்.

ஆனால் ராயபுரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வால்வின் அழகோ சத்தமாக வைத்தால்தான் முழுசாக வெளிவரும். ராத்திரியில் வைத்தால் தெருவே எழுந்து வந்துவிடும். அங்கே வால்வின் ஒலியை நகலெடுக்கும் டிஜிட்டல் மாடலிங் பெட்டிதான் துணை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேராகக் கணினியில் பதியலாம். கடலோர உப்புக்காற்றில் வால்வின் பின்களைச் சுரண்டித் துடைக்கிற வேலையும் இல்லை. பதிவில் கேட்டால் எது வால்வு, எது பெட்டி என்று எனக்கே பல நேரம் பிடிபடாது, விரலுக்கு மட்டும் தெரிந்துவிடும். பதிவுக்குப் பெட்டி போதும். வாசிக்கிற சுகத்துக்கு வால்வுதான்.