எண்ணெய் படாத உறை

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தலைக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய், கிரிக்கெட் மட்டைக்கும் எண்ணெய். நூறு வருஷப் பழைய தோல் உறை ஒன்று கைக்கு வந்தால், பாவம், வறண்டு கிடக்கிறதே என்று அதற்கும் இரண்டு சொட்டு விடத் தோன்றும். அங்கேதான் காரியம் கெடுகிறது.

நான் சொல்வது அமெரிக்க மேற்கில் ரிவால்வர் செருகி இடுப்பில் மாட்டிக்கொண்ட உறைகளை. செயென் நகரத்து மீனியா, டென்வர் நகரத்து ஹைசர் போன்றவர்கள் குதிரைச் சேணம் தைத்த கையோடு இவற்றையும் தைத்தார்கள். அவற்றில் ‘மெக்சிகன் லூப்’ என்ற பாணி என்றால் எனக்கு உயிர். ஒரே தோல்தான். பையாக மடித்துத் தைத்தது போக மிச்சம் பின்பக்கம் அகலமாக மடிந்து இறங்குகிறது. அந்த மடிப்பில் வெட்டிய வளையத்துக்குள் பையே நுழைந்து நின்றுகொள்கிறது. நடுவே இடுப்பு வார். இதை முதலில் யோசித்தவன் மகா கெட்டிக்காரன்.

அப்படி ஒன்றை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வயிற்றில் ஒரு புடைப்பு தெரியும். 1873-ஆம் ஆண்டு கோல்ட் ரிவால்வரின் தோட்டா உருளை உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்த தடம். சேணத்தில் உரசிய விளிம்பு மினுங்கும். கடைக்காரரின் முத்திரை எழுத்து எழுத்தாகப் பள்ளம் விழுந்திருக்கும். எண்ணெய் முதலில் கை வைப்பது இவற்றில்தான். தோல் ஊறி இளகும், புடைப்பு தளரும், முத்திரை மங்கும். தேன் நிறம் போய்க் கரிச்சட்டி நிறம் வரும். உள்ளே இறங்கிய எண்ணெய் பெரும்பாலும் திரும்பி வராது.

பசை வற்றியதால்தான் தோல் விறைக்கிறது என்ற எண்ணமே தப்பு. ஓக், ஹெம்லாக் மரப்பட்டைகளில் ஊறிப் பதமானவை அந்தத் தோல்கள். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலை அது. பதனிட்ட கையோடு கொழுப்பும் ஏற்றியே அனுப்பினார்கள். பின்னால் மாறிப்போனது உள்ளே இருக்கும் நார். இற்ற நாரை எண்ணெய் வந்து பின்னித் தராது. காற்றுப் பட்டுப் பிசுக்காகிப் புழுதியை இழுக்கும், அவ்வளவே. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்க்கு இதில் நல்ல பெயர் உண்டு. மழையில் நனைந்து வெயிலில் காயும் சேணத்துக்கு அது சரி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு எதற்கு?

பித்தளைக் குமிழ்களைச் சுற்றிப் பச்சை மெழுகுபோல் பிதுங்கியிருக்கிறதா? தோலின் கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்பை அரித்த விளைவு. மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் சுருளாக வரும். ஊசி, கத்தி வேண்டாம். மேலே வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சணம் என்று பதற வேண்டாம்; உள்ளிருந்த கொழுப்பே பூத்திருக்கலாம். தொட்டால் செம்பொடி உதிர்வது மட்டும் கொஞ்சம் பெரிய வியாதி. காற்றிலுள்ள கந்தக வாயுவுக்கு அதில் பங்குண்டு. அதன்மேல் எண்ணெய் விட்டால் பொடி சேறாகும். செல்லுலோஸ் பசையை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிப் பொடியைக் கட்டுகிறார்கள். பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

பெரிய இடங்களும் எண்ணெய் பூசும் இந்தத் தப்பைச் செய்தவைதான். பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயராலேயே கம்பளிக் கொழுப்பு, தேன்மெழுகு, சீடார் எண்ணெய் கலந்த ஒரு தோல் பூச்சு இருந்தது. புத்தக அட்டைகளுக்கெல்லாம் அதைப் பூசினார்கள். இன்றைய வல்லுநர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

துப்பாக்கியை உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோலின் ஈரமும் அமிலமும் இரும்பைத் துருவாக்கும். இரும்பில் தடவிய எண்ணெய் தோலுக்குள் இறங்கும். அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுருட்டி உள்ளே வையுங்கள், வடிவம் நிற்கும். வெயில் படாத, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிற இடம் போதும். தூசுக்கு ஒரு மென்தூரிகை. நீட்ஸ்ஃபுட் டப்பா வாங்கித் தொலைத்திருந்தால், பூட்ஸுக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.